வீட்டுக்கு வரும் இணையச் செயலிகள்: குழாயா, தொட்டியா?

இல்லத்தின் வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்பு, கடையின் பற்று வரவு, மதரஸா மாணவர்களின் வருகைப் பதிவு ஆகியவை ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. அலமாரியைத் திறந்தால் கைக்குக் கிடைக்கும். இன்று இவற்றுள் பல, கணிப்பொறியின் பிரவுசர் வழியாக எங்கோ தொலைவில் உள்ள ஒரு சர்வரில் எழுதப்படுகின்றன. திறக்கிறோம், கடவுச்சொல்லை இடுகிறோம், எழுதுகிறோம், மூடுகிறோம். எழுதியது எங்கே தங்குகிறது என்ற கேள்வி பெரும்பாலும் நம் உள்ளத்தில் எழுவதில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் கேள்வி தானாகவே எழுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. சென்னையிலும் புறநகர்களிலும் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. மடிக்கணினியின் பேட்டரியில் உயிர் இருந்தாலும், கணக்கு முழுவதும் இணையத்தில் இருந்தால் திரையில் வெற்றுப் பக்கமே தோன்றும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த மாணவரின் தந்தைக்கு எந்த எண்ணில் பேச வேண்டும் என்பதைப் பார்க்க வழியிராது.

"அப்படியானால் அந்தச் செயலியையே கணிப்பொறியில் நிறுவிக்கொண்டால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். பிரவுசருக்குள் மட்டுமே இயங்கி வந்த பல செயலிகளுக்கு இப்போது டெஸ்க்டாப் வடிவமும் உண்டு. ஆனால் அதை நிறுவுவதற்கு முன்னர் நாம் தெளிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உள்ளது.

குழாய் வேறு, தொட்டி வேறு

நம் பகுதி மக்களுக்கு இதைத் தண்ணீரைக் கொண்டு விளக்குவது எளிது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்கு அருகிலேயே இருக்கிறது. அவ்வேரி 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டபோது, குழாய் இருந்த வீடுகளிலும் தண்ணீர் இல்லை. நிலத்தடித் தொட்டியில் சேமித்து வைத்தவர்களே சில நாட்களேனும் சமாளித்தனர்.

பிரவுசரில் இயங்கும் செயலி என்பது தெருக்குழாய்க்குச் சென்று நீர் பிடிப்பது போன்றது. அதனை டெஸ்க்டாப்பில் நிறுவுவது வீட்டுக்குள் குழாய் இழுப்பது போன்றது. வசதிதான், நடை மிச்சம்தான். ஆயினும் நம்முடைய விவரங்கள் நம் கணிப்பொறியிலேயே சேமிக்கப்பட்டால்தான் தொட்டி கட்டியவர்கள் ஆவோம். குழாய் வந்தவுடன் தொட்டியும் வந்துவிட்டதாக எண்ணுவதே பலர் ஏமாறும் இடம்.

வந்த பாதை

இம்முயற்சியின் தொடக்க காலத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று ஸோஹோ என்ற பெயரில் விளங்கும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. கடிதமும் கட்டுரையும் எழுதப் பயன்படும் ஸோஹோ ரைட்டர் என்னும் செயலியை 2005இல் அது வெளியிட்டது. அது முற்றிலும் பிரவுசருக்குள் இயங்கியது. கூகிள் நிறுவனம் 2007 மே மாதத்தில் கியர்ஸ் என்ற துணைக்கருவியை வெளியிட்டது. இணையப் பக்கத்தின் விவரங்களைக் கணிப்பொறிக்குள்ளேயே சேமிப்பது அதன் பணி. அதே ஆண்டில் ஸோஹோ ரைட்டர் அக்கருவியைப் பயன்படுத்திக்கொண்டது. முதலில் இணையமின்றிப் படிக்கவும், பின்னர் இணையமின்றி எழுதவும் வழி பிறந்தது. தொட்டி கட்டும் முயற்சி அது. சில ஆண்டுகளில் கூகிள் கியர்ஸைக் கைவிட்டது. அதே வேலையைச் செய்யும் வசதிகள் பிரவுசர்களின் உள்ளமைப்பிலேயே இடம்பெற்றன.

அடுத்த திருப்பம் எலக்ட்ரான் என்னும் சட்டகம். கிட்ஹப் நிறுவனம் 2013இல் உருவாக்கத் தொடங்கிய இதற்கு 2015இல் இப்பெயர் சூட்டப்பட்டது. குரோம் பிரவுசரின் அடிப்படையாகிய குரோமியத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, கணிப்பொறியின் கோப்புகளைத் திறக்கவும் எழுதவும் வல்ல நோட்.ஜேஎஸ் என்ற பகுதியை அதனோடு இது இணைக்கிறது. இணையப் பக்கமாக எழுதப்பட்ட செயலியை இப்பெட்டிக்குள் வைத்தால் அது டெஸ்க்டாப் செயலியாகிவிடுகிறது. மைக்ரோசாப்ட்டின் சுவிட்சர்லாந்துக் குழுவினர் பிரவுசரில் இயங்குவதற்கென ஆக்கிய மொனாக்கோ என்னும் எழுதுபலகை, இவ்வாறே 2015 ஏப்ரலில் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற பெயரில் டெஸ்க்டாப்புக்கு வந்தது. மென்பொருள் பயிலும் நம் பிள்ளைகள் பலர் அதைக்கொண்டே நிரல் எழுதுகின்றனர். அதில் எழுதும் கோப்பு அவர்களுடைய கணிப்பொறியிலேயே இருக்கிறது. இணையம் நின்றாலும் வேலை நிற்பதில்லை. இது தொட்டி.

மாறாக வாட்ஸ்அப்பை நோக்குங்கள். 2015 ஜனவரியில் அதன் பிரவுசர் வடிவமும், 2016 மே மாதத்தில் டெஸ்க்டாப் வடிவமும் வந்தன. ஆனால் அந்நாளில் கைப்பேசியில் இணையம் நின்றால் கணிப்பொறியிலும் அது நின்றுவிடும். கணிப்பொறியில் தெரிந்தது கைப்பேசியின் நிழலே. கைப்பேசியைச் சாராமல் இயங்கும் வசதி 2021இல்தான் வரத் தொடங்கியது. ஐந்தாண்டுக் காலம் அது வெறும் குழாயாகவே இருந்தது.

நிறுவுவதால் வரும் சுமை

எலக்ட்ரான் முறையில் ஆன ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு முழுப் பிரவுசரைச் சுமந்து வருகிறது. இத்தகைய செயலிகள் மூன்று நான்கு ஒரே நேரத்தில் திறந்திருந்தால் பழைய கணிப்பொறி தள்ளாடும். நினைவகம் குறைந்த கணிப்பொறி உள்ளவர்கள், குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்கள் தரும் 'இன்ஸ்டால்' வசதியைப் பயன்படுத்தலாம். அது ஏற்கெனவே உள்ள பிரவுசரையே பயன்படுத்துவதால் சுமை குறைவு. கூகிள் டாக்ஸில் இணையமின்றி எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் இணையம் இருக்கும்போதே அதனை இயக்கி வைத்திருக்க வேண்டும். மழை வந்த பிறகு தொட்டி கட்ட இயலாது.

பாதுகாப்பையும் எண்ண வேண்டும். பிரவுசர் தன்னுள் இயங்கும் பக்கங்களைச் சுற்றி வேலியிட்டுள்ளது. நம் கோப்புகளை அவை தாமாகத் தொட முடியாது. நிறுவப்பட்ட செயலிக்கு அந்த வேலி பெரும்பாலும் இல்லை. ஆகவே உருவாக்கிய நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து எடுத்தல் கூடாது.

தொட்டிக்கும் காவல் வேண்டும்

விவரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் கவலை ஒழிந்தது என்று கருதிவிடலாகாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு பெருக்கெடுத்தபோது, கரையோரத் தரைத்தள வீடுகள் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கும் கணிப்பொறியோடு அதிலுள்ள எல்லாமும் போய்விடக்கூடும். அன்று தொலைவிலுள்ள சர்வரில் விவரம் வைத்திருந்தவர்களே பிழைத்தனர். எனவே ஒன்று வீட்டில், ஒன்று வெளியில் என இரண்டு படிகள் வேண்டும்.

மற்றொன்று, ஒரே கணக்கை அண்ணன் கடையிலும் தம்பி வீட்டிலும் இணையமின்றித் திருத்தினால், இணையம் திரும்பியவுடன் எதை ஏற்பது என்ற சிக்கல் எழும். செயலிகள் சில இரண்டையும் தனித்தனிப் படிகளாக வைக்கும். சில பிந்தியதை வைத்து முந்தியதை அழித்துவிடும். தொடர்பற்ற நேரத்தில் எழுதுபவர் ஒருவரே என்று குடும்பத்தில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நலம்.

எல்லாவற்றினும் மேலானது அமானிதம். மாணவரின் முகவரி, விதவைக்கு வழங்கிய உதவித் தொகை, கடன் பெற்றவரின் பெயர் ஆகியவை நம்மிடம் பிறர் ஒப்படைத்தவை. சர்வரில் இருந்தவரை கடவுச்சொல் அவற்றைக் காத்தது. வீட்டுக் கணிப்பொறிக்கு வந்த பின், விளையாடப் பிள்ளை திறந்தாலும், பழுது பார்ப்பவர் திறந்தாலும் அவை கண்ணில் படும். கணிப்பொறிக்குத் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் இட்டு, பழுதுக்குக் கொடுக்குமுன் அக்கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவைத்துக் கணிப்பொறியிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

நிறுவுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, இணையமின்றி இது திறக்குமா? இரண்டாவது, நான் எழுதுவது எங்கே சேமிக்கப்படுகிறது? மூன்றாவது, நாளை இந்தச் செயலி நிறுத்தப்பட்டால், வேறு செயலியில் திறக்கக்கூடிய கோப்பாக என் விவரங்களை வெளியே எடுக்க முடியுமா? மூன்றாவது கேள்வி தேவையற்றது என எண்ண வேண்டாம். கியர்ஸ் போயிற்று. எலக்ட்ரான் எதற்காக ஆக்கப்பட்டதோ அந்த ஆட்டம் என்னும் எழுதுபலகையே 2022 டிசம்பரில் முடித்துவைக்கப்பட்டது.

இக்கேள்விகளுக்கு விடை காண விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஓய்வான ஒரு மாலையில் வைஃபையை நிறுத்துங்கள். செயலியைத் திறந்து ஒரு வரி எழுதுங்கள். கணிப்பொறியை அணைத்து, இணையமின்றியே மீண்டும் இயக்குங்கள். எழுதிய வரி அங்கே இருந்தால் அது தொட்டி, இல்லையேல் குழாய். குழாய் என்று தெரிந்தால் அதனை வீசிவிட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை விவரங்களைக் கோப்பாக எடுத்து, முக்கியமான பக்கங்களை அச்சிட்டு, அந்தப் பழைய அலமாரியில் வைத்துக்கொண்டால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் மாடியின் வடிகாலைச் சீர்செய்வது போல, இதனையும் ஆண்டுதோறும் செய்யும் வழக்கமாக ஆக்கிக்கொள்வோமாக.