கவசம் போட்ட புழு!

ஐப்பசி மழையில் கரிசல் நனைந்ததும் மரவட்டைகள் ஊர்ந்து வருவதை விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் ரயில் பூச்சி என்பார்கள். குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், சுருண்டு காசு மாதிரி ஆகிவிடும். உடம்பு முழுக்க வளையம் வளையமாகக் கவசம்!

இப்படி வளையமும் கவசமுமாகச் சில புழுக்கள் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடிச் சேற்றில் வாழ்ந்தன. ஆனால் அவை மரவட்டைக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. அவற்றுக்குக் கால்களே கிடையாது. அப்போது டைனோசர்கள் தோன்றவில்லை. நிலத்தில் புல் பூண்டுகூட இல்லை. அந்தக் காலத்தைக் கேம்பிரியன் காலம் என்கிறார்கள். புழுவின் பெயர் பேலியோஸ்கோலெசிட். வாயில் நுழையவில்லையா? 'பழைய புழு' என்பதுதான் அதற்கு அர்த்தம்!

இந்தப் புழுவுக்குத் தலைப்பக்கம் ஒரு துதிக்கை உண்டு. அதைச் சுற்றிலும் கொக்கிகள். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்து, மறுபடி வெளியே தள்ளுவதுபோல அதை நீட்டும், மடக்கும். அப்படித்தான் சேற்றைத் துளைத்துக்கொண்டு போகும். பாம்பு சட்டை உரிப்பதுபோலத் தோலை உரித்துத்தான் வளரும்.

இதில் ஒரு துப்பறியும் கதையும் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையை மென்மையான அமிலத்தில் கரைத்தால் அடியில் சில துணுக்குகள் மிஞ்சும். அவற்றில் குட்டிப் பொத்தான்கள் போலச் சில கிடந்தன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்! என்ன உயிர், எந்தப் பாகம்? யாருக்கும் புரியவில்லை. 1977-ல் துருக்கியில் கிடைத்த பொத்தானுக்கு 'ஹடிமோபனெல்லா' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு பொத்தான்கள் வரிசை வரிசையாகப் பதிந்த தோல் துண்டுகள் கிடைத்தன. அவை புழுவின் கவசம்தான் என்று 1990-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சட்டை கிடைத்த பிறகுதான் பொத்தானுக்கு விடை கிடைத்தது!

முழுப் புழுவைப் பார்க்க வேண்டுமானால் சீனாவின் யுனான் மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கே செங்ஜியாங் பகுதியில் மாவோடியன்ஷான் என்ற குன்றில், 1984 ஜூலை 1 அன்று ஹோ சியான்குவாங் என்ற ஆய்வாளர் அற்புதமான புதைபடிவங்களைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த ஒரு கவசப் புழுவுக்கு அந்தக் குன்றின் பெயரையே வைத்து 'மாவோடியன்ஷானியா' என்கிறார்கள். அந்த இடம் 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

எலும்பே இல்லாத புழு எப்படி 52 கோடி ஆண்டு அழியாமல் இருந்தது? கரிசல் மண் ஈரமானால் செருப்பில் அப்பிக்கொண்டு விடவே விடாது, இல்லையா? துகள்கள் அவ்வளவு பொடி. அதுபோன்ற பொடிச் சேறு கடலடியில் திடீரென்று சரிந்து புழுக்களை மூடிவிட்டது. காற்று புகவில்லை, சீக்கிரம் அழுகவும் இல்லை. இன்று அந்த மஞ்சள் பாறையைப் பிளந்தால், துருப்பிடித்த செந்நிறத்தில் புழுவின் வளையங்கள் தெரிகின்றன!

அப்படியானால் நம் ஊரில் தோண்டினால் கிடைக்குமா? கிடைக்காது. கரிசலுக்கு அடியில் இருக்கும் நம் பாறைகள், ஏறக்குறைய அந்தப் புழுக்களின் காலத்தில், பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்துகொண்டிருந்தன. அரியலூரில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் ஏராளம். ஆனால் அவை டைனோசர் காலத்தவை, மிகவும் பிந்தியவை.

ராஜஸ்தானில் நாகூர் பகுதி மணற்கற்களில் கேம்பிரியன் காலத்துப் புழுத் தடங்கள் இருக்கின்றன. (நம் நாகூர் அல்ல, அது வேறு!) கிளை கிளையாகப் பிரியும் அந்தத் தடத்தின் பெயர் டிரெப்டிக்னஸ். புழு போய்விட்டது, வழி மட்டும் கல்லில் நிற்கிறது. எந்தப் புழு போட்ட வழி அது? கவசப் புழுக்களின் உறவினர்களான பிரையாபுலிட் புழுக்கள் இன்றும் கடலில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை ஈரச் சேற்றில் ஊர விட்டுப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், கல்லில் இருப்பதைப் போன்ற தடத்தையே அவை போட்டுக் காட்டின!