பாரைக் கடிக்கும் கிளிமீன்

மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கருப்பும் சிவப்புமாகக் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் கரைந்து ஆற்றோடு வந்து சேர்ந்த இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும்தான் அந்த நிறத்துக்குக் காரணம். தூத்தூர்ப் படகுகள் நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் லட்சத்தீவுப் பக்கமும், அதற்குத் தெற்கே மாலத்தீவிலும் கரை வெள்ளை வெளேரென்றிருக்கும். அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. பிறகு மணல் ஏது? மாலத்தீவின் வக்காரு தீவை ஆராய்ந்து கிறிஸ் பெர்ரி குழுவினர் 2015இல் கணக்குச் சொன்னார்கள்: அங்குள்ள பவளத்திட்டில், அதாவது பாரில், புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் கழிவு.

கிளிமீனின் வாயை அருகில் பார்த்தால் இது வியப்பாக இருக்காது. சுமார் ஆயிரம் பற்கள் வரிசை வரிசையாக நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகாகவே ஆகியிருக்கின்றன. முன்வரிசை தேயத் தேயப் பின்வரிசை மேலே வரும். ஃபுளோரின் கலந்த அபடைட் படிகங்களின் இழைகள் துணி நெய்ததுபோல் பின்னிக் கிடப்பதே பல்லின் உறுதிக்குக் காரணம் என்று 2017இல் கண்டறிந்தார்கள். கடித்த பவளக்கல்லைத் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது பல்தொகுதி மாவாக அரைக்கிறது. இரைப்பை கிடையாது, அரைத்தது நேரே குடலுக்குப் போகிறது. சத்து உடம்பில் சேர, சுண்ணாம்பு மணலாக வெளியேறுகிறது.

கல்லில் அப்படி என்ன சத்து? பவளத்தைத் தின்கிறது என்று சிலரும், பாசியைத் தின்கிறது என்று பலரும் எழுதிவந்தார்கள். கெண்டல் கிளெமென்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். செத்த பவளத்தின் மேலும் உள்ளுக்குள்ளும் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே பெரும்பாலான கிளிமீன்களின் குறி. புரதம் அவற்றில்தான் அதிகம். உயிருள்ள பவளத்தை நிறையக் கடிப்பவை சில இனங்களே. அவற்றில் பெரியது திமில்தலைக் கிளிமீன். ஒரு மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பவளச் சுண்ணாம்பைக் கடித்தெடுக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி உயிருள்ளது.

நம் கடலுக்கு இந்தக் கடி தேவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் 2010இலும் 2016இலும் வெப்பத்தால் வெளிறிப் பெரும் சேதம் கண்டன. செத்த பவளத்தின் மேல் சீக்கிரமே பாசி மூடிவிடும். பவளக் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளத் துப்புரவான கல் வேண்டும். கிளிமீன் சுரண்டிய இடம் அதற்கு வாகாக அமைகிறது. வெப்பத்தைத் தணிக்கக் கிளிமீனால் முடியாது. ஆனால் திட்டு மீண்டெழ வழி இருக்கிறதா இல்லையா என்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

கிளிமீன் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் பாறை இடுக்கில் அசையாமல் உறங்கும். சில இனங்கள் தூங்கும்முன் தம்மைச் சுற்றி வழவழப்பான சளிக்கூடு ஒன்றைச் சுரந்துகொள்கின்றன. இரத்தம் உறிஞ்சும் நத்தியிட் என்ற சிறு ஒட்டுண்ணிகளுக்கு எதிரான கொசுவலை அது. அலெக்சாண்ட்ரா குரட்டர் குழு 2010இல் வெளியிட்ட சோதனையில், கூடு அகற்றப்பட்ட மீன்களில் 94 விழுக்காடு கடிபட்டன; கூட்டுக்குள் இருந்தவற்றில் 10 விழுக்காடு மட்டுமே.

மனிதரிடமிருந்து அந்தக் கூடு காக்காது. டார்ச் விளக்கோடு இரவில் முங்குகிறவருக்கு, உறங்கும் கிளிமீனைக் குத்தி எடுப்பது மிக எளிது. பளபளக்கும் நீலப்பச்சைப் பெரிய மீன்தான் முதலில் கண்ணில் படும். அது பெரும்பாலும் ஆண். பல இனங்களில் பெண்ணாக வளர்ந்த மீனே பின்னால் நிறமும் பாலும் மாறி ஆணாகிறது. பெரிய ஆண் போனால் பெண்களில் ஒன்று ஆணாகும். அதையும் எடுத்தால் அடுத்தது, இன்னும் சிறிய உருவத்திலேயே. பெரிய அலகு கடித்தெடுக்கும் அளவுக்குச் சிறிய அலகு கடிக்காது. பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது. நம் பார்களில் முழுத் தடை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரவில் விளக்கடித்துக் குத்துவதை நிறுத்துவதும், பெரிய நீலப்பச்சை மீனை விட்டுவிடுவதும் ஊர்க் கட்டுப்பாட்டாலேயே முடிகிற காரியம்.