எழுத்து 16, அசை இரண்டு!

ஒலிவாங்கி முன் அமர்பவர்களை வியர்க்க வைப்பது பெரும்பாலும் செய்தி அல்ல. அதில் வரும் பெயர்கள்தான். அப்படிச் சோதனை வைக்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஃபெதர்ஸ்டன்ஹாஃப்' என்று வரும். ஆங்கிலத்தில் 16 எழுத்துகள். ஆனால், அந்தப் பெயரைக் கொண்டவர்களில் பலர் அதை 'ஃபேன்ஷா' என்றுதான் சொல்கிறார்கள்!

இந்த அரிய பெயர் பிறந்தது வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில். பழைய ஆங்கிலத்தில் அதன் முற்பகுதிக்கு 'நான்கு கற்கள்' என்று பொருள். பிற்பகுதி, ஆற்றோரச் சமநிலத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல். சவுத் டைன் ஆற்றின் அருகே ஃபெதர்ஸ்டன் கோட்டை இன்றும் நிற்கிறது. இடத்தின் பெயர் குடும்பத்தின் பெயரானது. பேசப் பேச அது தேய்ந்து சுருங்கியது. தாளில் மட்டும் எழுத்துகள் அப்படியே தங்கிவிட்டன.

இந்தப் பெயருக்குள் சுவையான கதைகளும் உண்டு. 1848 புரட்சியில் பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப் அரியணையை இழந்தார். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் அவரைக் கப்பலேற்றித் தப்ப வைத்தவர், அங்கிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹாஃப். மன்னரைத் தம் மாமா என்று சொல்லி அழைத்துப் போனார். மாமாவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஸ்மித்'! இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்.

இன்னொரு கதை சசெக்ஸ் வட்டாரத்தின் அப்பார்க் மாளிகையில் நடந்தது. ஓர் எழுத்தைக் குறைத்து இதே பெயரை எழுதிய குடும்பம் அது. மாளிகையின் உரிமையாளர் சர் ஹாரி, 1825இல் தமது 70ஆவது வயதில், தம் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணை மணந்தார். பிள்ளைகள் இல்லை. சொத்து முழுவதும் மனைவிக்கும், அவருக்குப்பின் அவருடைய தங்கை பிரான்சிஸுக்கும் போனது. தங்கையும் தம் பெயரை மாற்றி, அக்காள் புகுந்த வீட்டின் பெயரை ஏற்றார். அவருக்குப்பின் மாளிகையைப் பெற்றவர்களும் அதைத் தங்கள் பெயரோடு இணைத்துக்கொண்டார்கள். ரத்த உறவே இல்லாதவர்கள்தாம் அந்த வீட்டில் அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள்.

ஒரு பெயரை எப்படிச் சொல்வது என்பதை அதைச் சுமப்பவர்தான் முடிவு செய்கிறார். எழுத்தைப் பார்த்து நாமே முடிவுக்கு வர வேண்டாம். "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்க ஒரு நொடி போதும். ஒருவருக்கு நாம் கொடுக்கும் முதல் மரியாதை அதுதானே!