ஒரு சிட்டிகை நெருப்பு: விசையைத் தொடாமல் விழும் அடி

பிரைமர்களை வீட்டில் சேமித்து வைக்கும் முறையை இந்த வாரம் பார்க்கலாம் என்று போன இதழ் முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் குறுக்கிட்டுவிட்டது. அதைப் பார்க்காமல் மேலே போவதற்கில்லை.

முன்கதை ஒரே மூச்சில்: தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் ஒரு குட்டி உலோகக் கிண்ணம், அதற்குள் லெட் ஸ்டிஃப்னேட் கலவை, அதன்மேல் பட்டடை. அடி விழுந்தால் கலவை இரண்டுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

இனி அந்தப் பள்ளம். ஏஆர்-15 ரகத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவை ஏற்றி, சுடாமலேயே வெளியே எடுத்துப் பின்புறத்தைப் பார்த்தால், பிரைமரின் நடுவில் ஊசி தொட்ட தடம் தெரியும். விசையை யாரும் இழுக்கவில்லை, சுத்தியல் விழவில்லை. ஆனாலும் ஃபயரிங் பின் எனப்படும் அந்த ஊசி முன்னால் போய் பிரைமரை ஒரு தட்டு தட்டியிருக்கிறது. இதில் பழுது எதுவும் இல்லை. ஊசியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க அங்கே ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போல்ட் வேகமாக முன்னேறிச் சட்டென்று நிற்கும்போது, உள்ளே சும்மா கிடக்கும் ஊசி வந்த வேகத்திலேயே முன்னால் பாய்கிறது. ஓடும் பேருந்தில் பிரேக் போட்டால் நிற்கும் பயணி முன்னால் சாய்வதைப் போல. ஒவ்வொரு தோட்டா ஏறும்போதும் இது நடக்கிறது. அந்தத் தட்டலுக்குப் பிரைமர் அசைந்து கொடுக்காமல் இருப்பதால்தான் துப்பாக்கி பாதுகாப்பாக இருக்கிறது.

அசைந்து கொடுத்த காலமும் உண்டு. அமெரிக்க விமானப்படையின் கைக்குப் புதிதாக வந்த, அதே ரகத்து எம்16-ல், தோட்டாவை ஒற்றையாகக் கையால் அறைக்குள் போட்டு போல்ட்டை விட்டபோது சில தோட்டாக்கள் தாமாகவே வெடித்தன. 1963-ல் இது பெரிய விவகாரமானது. கையால் போட்டால் மட்டும் ஏன்? மேகசினிலிருந்து தோட்டாவை உருவி எடுக்கும்போது உராய்வில் போல்ட்டின் வேகம் கொஞ்சம் குறையும். தோட்டா ஏற்கெனவே அறைக்குள் இருந்தால் தடுக்க ஒன்றுமில்லை, போல்ட் முழு வேகத்தில் வந்து மோதும். ஊசியின் பாய்ச்சலும் அதற்கேற்ப ஏறும். கண்ட தீர்வு அழகானது: ஊசியின் எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் அதே வேகத்திலும் அடியின் பலம் குறையும். கூடவே, ராணுவத் தோட்டாவின் பிரைமர் எவ்வளவு அடிக்கு வெடிக்கலாம், எவ்வளவு அடிக்கு வெடிக்கவே கூடாது என்று வரம்பும் வகுக்கப்பட்டது. சிசிஐ நிறுவனம் 41, 34 என்ற எண்களில் இன்று விற்கும் பிரைமர்கள் ராணுவ அளவுகோலுக்குச் செய்யப்பட்டவை. முன்னது 5.56 மி.மீ. தோட்டாவுக்கு, பின்னது 7.62-க்கு.

1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 கேரண்டிலும் ஊசிக்கு ஸ்பிரிங் இல்லை. சோவியத் எஸ்கேஎஸ் கதை இன்னும் கலவரமானது. தொடக்ககாலத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த துப்பாக்கியில் துருப்பிடிக்காமல் பூசிய கிரீஸ், ஊசி ஓடும் துளைக்குள் இறுகிப்போகும். ஊசி முனை வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும். அடுத்ததும் அப்படியே. விசையை விட்ட பிறகும் மேகசின் காலியாகும்வரை நிற்காமல் போகலாம். பழைய எஸ்கேஎஸ் வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, போல்ட்டைக் கழற்றி அந்தத் துளையைச் சுத்தம் செய்வதுதான்.

அடி பட்டால் தீப்பற்ற வேண்டும் என்ற ஆசை ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத்துடையது. சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பொறியைப் பார்த்து, குண்டு கிளம்புமுன் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை. லண்டன் கோபுரத்தில் ஆராய்ச்சி செய்தார், மேலதிகாரி மாறியதும் வெளியேற்றப்பட்டார், 1807-ல் காப்புரிமை பெற்றார். தட்டினால் வெடிக்க வைப்பது அவர் பாடு. மெல்லத் தட்டினால் வெடிக்காமல் வைப்பது அரைத் தானியங்கிக்குத் தோட்டா நிரப்புபவரின் பாடு.

தொழிற்சாலை பார்த்துக்கொண்ட அந்தப் பொறுப்பு, சுட்ட குப்பியில் மறுபடி மருந்து நிரப்பும் அமெரிக்கரின் வீட்டு மேசைக்கு வரும்போது முழுசாக அவர் தலையில் விழுகிறது. முதல் எதிரி, சரியாக இறங்காத பிரைமர். அது குப்பியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்ளே இருப்பது நல்லது என்பது அனுபவசாலிகளின் கணக்கு. மேலே துருத்தினால் ஊசி வரைக்கும் போக வேண்டியதில்லை, போல்ட்டின் முகமே அதை அடித்துவிடலாம். அப்போது போல்ட் இன்னும் பூட்டியிருக்காது. பூட்டாத அறையில் வெடித்தால் குப்பி கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

துருத்துவதற்குக் காரணங்கள் எளியவை. குப்பியில் பிரைமர் உட்காரும் குழியில் பழைய கரி படிந்திருக்கும். ராணுவக் குப்பியாக இருந்தால் பிரைமரைச் சுற்றிப் பித்தளை விளிம்பை இறுக்கிக் கவ்வவைத்திருப்பார்கள், அதை அகற்றாமல் புதியதைத் திணித்தால் சாய்ந்து நிற்கும். சோதனைக்குக் கருவி தேவையில்லை. ஒவ்வொரு குப்பியின் அடியிலும் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். தட்டையான கண்ணாடிமேல் நிறுத்தினால் துருத்துவது ஆடும். மருந்தும் குண்டும் ஏற்றிய பிறகு மேடு தெரிந்தால், அதை மறுபடி அழுத்தி இறக்கப் பார்க்கவே கூடாது. அந்தத் தோட்டாவைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். இந்தத் தொடரில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது எதிரி, அளவுக்குச் சுருக்காத குப்பி. ஒருமுறை சுட்ட குப்பி விரிந்திருக்கும். அச்சில் அழுத்திப் போதிய அளவு சுருக்காவிட்டால் அறைக்குள் முழுசாகப் போகாது. போல்ட் பாதியில் நிற்கும், ஊசி நிற்காது. துப்பாக்கியைப் பொறுத்து, பூட்டாத அறையில் வெடிக்கும் ஆபத்து இங்கும் உண்டு. கேரண்டில் போல்ட் திரும்பும்வரை ஊசியின் வாலைத் தடுக்க ஒரு பாலம் வைத்திருக்கிறார்கள். அது தேய்ந்த துப்பாக்கியில் அந்தக் காவலும் தளர்ந்துவிடும்.

சேமிப்புக்கு இடமில்லாமல் போனது. பிரைமர்கள் பெட்டிக்குள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில், நூறு நூறாக ஏன் அடுக்கப்படுகின்றன, அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டிவைத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த இதழில்.