வெப்பமான வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற அவரையினக் காய்கள்

பீன்ஸ், கொத்தவரை, காராமணி, அவரை ஆகியவை விதை முதிர்வதற்கு முன் பறித்துத் தோலுடன் சமைக்கப்படும் காய்களாகும். இவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும், வெப்பத்தைத் தாங்கும் திறனில் பெரிதும் வேறுபடுகின்றன. மதுரை, இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் வீட்டுத் தோட்டம் அமைப்போர் இவ்வேறுபாட்டை அறிந்து விதையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பீன்ஸ்

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட பீன்ஸ் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் நன்கு விளைகிறது. வெப்பநிலை 30° செல்சியசுக்கு மேல் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காயாகாமல் உதிர்கின்றன. செடி பசுமையாக இருந்தும் காய் பிடிக்காததால் பலர் கூடுதலாக நீரும் உரமும் இடுவர். காரணம் வெப்பமாக இருக்கும்போது இதனால் பயனில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலையே பெருகும். சமவெளியில் குளிர்ந்த மாதங்களில் காய்க்குமாறு, ஐப்பசி அல்லது கார்த்திகையில் குத்துச்செடி வகையை விதைக்கலாம்.

கொத்தவரை

இராசத்தான் போன்ற வறண்ட பகுதிகளில் மிகுதியாகப் பயிரிடப்படும் கொத்தவரை, ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கும். கோடைக்கு இது மிகவும் ஏற்றது. கிளைக்காமல் நேராக வளரும் 'பூசா நவ்பகார்' வகைக்குக் குறைந்த இடமே போதும். முற்றினால் நார் மிகுமாதலால் பிஞ்சிலேயே பறித்தல் வேண்டும்.

காராமணி

தட்டைப்பயறு இனத்தைச் சேர்ந்த காய்க் காராமணியும் வெப்பத்தைத் தாங்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'அர்கா கரிமா' வகை, வெப்பத்தையும் குறைந்த ஈரத்தையும் தாங்கக்கூடியது. இளங்குருத்துகளில் அசுவினி தோன்றுகிறதா எனக் கவனித்து வருதல் வேண்டும்.

அவரை

பந்தலில் படரும் நாட்டு அவரை, பகற்பொழுது குறையும் காலத்திலேயே பூக்கும். ஆடியில் விதைத்தால் பனிக்காலத்தில் காய்க்கும். தையில் விதைத்தால் கோடை முழுவதும் கொடி மட்டுமே வளரும். பருவம் தவறி விதைக்க விரும்புவோர், பகல் நீளத்தைச் சாராத குத்தவரை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேர்வும் பராமரிப்பும்

கோடைக்குக் கொத்தவரையும் காராமணியும், ஆடிப் பட்டத்திற்குப் பந்தல் அவரையும், குளிர்காலத்திற்குப் பீன்சும் எனப் பகிர்ந்துகொண்டால் ஆண்டின் பெரும்பகுதியில் வீட்டுக்குக் காய் கிடைக்கும். வேர்ப்பகுதியில் காய்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றைப் பரப்பினால் ஈரம் விரைவில் வற்றாது. பூக்கும் காலத்தில் மண் முற்றிலும் உலர்ந்துவிட்டால் வறட்சியைத் தாங்கும் செடிகளிலும் விளைச்சல் குறையும் என்பதால், அப்போது மட்டும் நீர் பாய்ச்சுவதில் இடைவெளி கூடாது.