வட்டம் போடுவதற்கு முன்

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் 6, 7, 8-ஆம் வகுப்புகள். நேற்றுவரை உயிர்த்தோழியாக இருந்தவள் இன்று முகம் கொடுத்துப் பேசமாட்டாள். வாட்ஸ்அப்போ ஸ்னாப்சாட்டோ, ராத்திரி அங்கே மூட்டிய சண்டை காலையில் வகுப்புக்குள் வந்து நிற்கும். அடித்தவனை நான்கு நாள் வீட்டுக்கு அனுப்புவதுதான் பழைய வைத்தியம்.

கலிஃபோர்னியாவில், மேற்கு ஓக்லண்டின் ஒரு நடுநிலைப் பள்ளி வேறு வழி பார்த்தது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, 'என்ன நடந்தது? யாருக்கு என்ன வலித்தது? சரிசெய்ய என்ன செய்யலாம்?' என்று கேட்டார்கள். சஸ்பெண்ட் 87 சதவீதம் குறைந்ததாக 2010-இல் ஓர் ஆய்வறிக்கை சொன்னது. இந்த முறைக்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர்; அது பள்ளிக்கூடங்களில் பரவ அந்த எண்ணும் ஒரு காரணம். 'வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லை' என்பதற்காக மட்டும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை சஸ்பெண்ட் செய்யக் கூடாது என்று 2019-இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது.

இந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது பிட்ஸ்பர்க் நகரம்தான். 44 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் இதை நடத்திப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் சஸ்பெண்ட் நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்களும் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் சஸ்பெண்டும் குறையவில்லை, மதிப்பெண்ணும் சரிந்தது. இது வெறும் செல்லம் என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு அதுவே போதும். வகுப்பில் அமைதி வேண்டும் என்ற அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு.

என் கவலை வேறு. வட்டத்துக்கு முன்னால் நடக்கவேண்டிய வேலையை யார் செய்கிறார்கள்?

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தைக் கேலி வரியோடு ஒரு பையன் வகுப்புக் குழுவில் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி என்றால், வட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் முதலில் அவளோடு தனியாக உட்காரவேண்டும். கொஞ்ச நேரம் பேச்சே வராது. பிறகு வரும்: "அவன் ஸாரி எனக்கு வேண்டாம் மிஸ். எல்லாரும் போன்லேர்ந்து அதை அழிக்கணும். லஞ்சுல அவன் என் மேஜைப் பக்கம் வரக் கூடாது." காரியம் இதில்தான் இருக்கிறது. அடுத்து பையனிடம் தனியாக, அப்புறம் இரு வீட்டாரிடமும். எந்த டைம்டேபிளிலும் இதற்குப் பீரியட் கிடையாது.

அதனால் என்ன ஆகிறது? அடுத்த மணி அடிப்பதற்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, "ஸாரி சொல்லு", "சொல்லிட்டேன்", "நீ மன்னிச்சுட்டியா?" என்று ஆகிவிடுகிறது. இருபது ஜோடிக் கண்கள் பார்க்கும்போது பன்னிரண்டு வயதுப் பெண் 'இல்லை' என்பாளா? படம் ஏற்படுத்திய அவமானத்தின் மேல் பெருந்தன்மைப் பரீட்சை வேறு!

அவள் வர மறுக்கலாம். மறுக்க உரிமை உண்டு என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லவும் வேண்டும். அப்போதும் பையனைத் தனியே உட்காரவைத்து, படத்தை அழிக்கச் செய்து, சாப்பாட்டு மேஜையை மாற்றிவிடலாம். என்ன, பதிவேட்டில் 'வட்டம் நடக்கவில்லை' என்று விழும். மாதாமாதம் எண்ணிக்கை கேட்கும் மேலிடத்துக்கு அது குறையாகத்தான் தெரியும்.