மேடுபள்ளத்தில் ஒரு நீச்சல் தொட்டி



சரிவான நிலத்தில் நீச்சல் தொட்டி அமைப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பாடம் சொல்லும் ஆசிரியனுக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

நான் தலைமையாசிரியனாக இருந்த சிற்றூரில், ஒரு கோடை விடுமுறையின்போது, எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் கிணற்றில் இறங்கி, மீளாமலே போனான். நீந்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானே என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. செய்தி அறிந்த பழைய மாணவர் ஒருவர், தரைமேல் நிறுத்தும் வட்டத் தொட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார். இரும்புத் தகட்டாலான சுவர். உள்ளே நீர் கசியாத விரிப்பு. குறுக்களவு 4 மீட்டர்.

பள்ளியின் பின்புறத்து நிலமோ, ஒரு பக்கம் 20 செ.மீ. தாழ்ந்திருந்தது. "பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரவிவிடுங்கள்" என்றேன். முதிய கொத்தனார் தயங்கினார். "ஐயா, கொட்டின மண்ணை நம்ப வேண்டாம், மேட்டை வெட்டிப் பள்ளத்தோடு சமமாக்கிவிடுவோம்" என்றார். அதற்கு நான்கு நாள் ஆகும் என்று அவர் சொன்னதும் நான் இசையவில்லை. அவசரம் என் கண்ணை மறைத்தது.

மாலையில் நீர் நிரப்பினோம். விடியற்காலையில் சென்று பார்த்தபோது, தொட்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து, தகடு பிளந்து கிடந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்திருந்தால்? அக்கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. எங்கள் தொட்டியில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், அதன் எடை ஏறத்தாழ 12,500 கிலோ. வளர்ந்த யானைகள் மூன்றின் எடை எனலாம். வெட்டப்படாத மண் பல்லாண்டுகளாக இறுகிக் கிடப்பது. புதிதாகக் கொட்டிய மண்ணிலோ காற்று நிறைந்த இடைவெளிகள் மிகுதி. பாரம் ஏறியதும் அது அமுங்கிவிடும்.

தரை சாய்ந்தாலும் நீரின் மேற்பரப்பு சாய்வதில்லை. எனவே பள்ளத்துப் பக்கத்தில் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? சுவரை நீர் தள்ளும் மொத்த விசையோ, ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. எடுத்துக்காட்டாக, 1 மீட்டர் ஆழத்தில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 500 கிலோ எடைக்கு நிகரான விசை தள்ளும். ஆழம் 1.2 மீட்டரானால் அவ்விசை 720 கிலோவுக்கு நிகராகும். ஆழம் நூற்றுக்கு 20 பங்கு கூட, விசை 44 பங்கு கூடிவிடுகிறது!

என் ஒரு மாத ஊதியத்தில் புதிய தகடு வாங்கி, மீண்டும் தொடங்கினோம். நடுவில் முளை அடித்து, கயிற்றால் தொட்டியைவிடச் சற்றுப் பெரிய வட்டம் வரைந்தோம். புல்லையும் வேரையும் கல்லையும் நீக்கினோம். வட்டத்தைச் சுற்றி முளைகள் நட்டு, ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். குழாயில் காற்றுக் குமிழி இல்லையென்றால், அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக்கொண்டு மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டறிந்து, மற்ற இடங்களையெல்லாம் அதற்குச் சமமாக வெட்டினோம். மேட்டிலிருந்து வரும் மழைநீர் விலகிச் செல்லச் சிறு வாய்க்காலும் எடுத்தோம்.

இம்முறை ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு நிறுத்தி, நாற்புறமும் ஆழத்தை அளந்தோம். வேறுபாடு இருந்தால் அப்போதே நீரை இறைத்துத் தரையைத் திருத்தலாம். இதைவிட நேர்மையான தேர்வாளர் வேறு யார்? எல்லாப் பக்கமும் ஒரே அளவு கண்ட பின்னரே தொட்டியை நிரப்பினோம். சுற்றிலும் வேலி அமைத்தோம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இல்லாத வேளையில் எவரும் இறங்கலாகாது என்று விதித்தோம்.

அந்தக் குழாயின் ஒரு முனையைப் பிடித்து நின்றவன் நானே. மறுமுனையைப் பிடித்திருந்த கொத்தனார் ஒரு சொல்லும் கூறாமல் புன்னகைத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் நீந்தக் கற்றனர். இறந்த மாணவனின் தம்பியும் அவர்களுள் ஒருவன்.